ஒடெஸா நடித்த மிஸ் லவெர்ன்

ஒரு சட்டக் கல்லூரியில் ஒடெஸா பிங்க்னிக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பதற்காகச் சம்பளம் கொடுத்தார்கள். அவளைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்த எங்கள் தெருக்காரர்கள் இதைக் கேட்டதும் கல்லூரிக்காரர்களை நினைத்துத்தான் பரிதாபப்பட்டார்கள்.

ஒன்பது வயதில், ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து நின்று, அறிவிப்பு வாசித்த டீக்கன் என்கிற சபைப் பெரியவரிடம் "நீங்க சொல்ற தேதி ஞாயித்துக்கிழமை இல்ல, வியாழக்கிழமை வருது" என்று சொன்னவள் அவள். யாராவது ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவள் முடித்துக் கொடுப்பாள். சரியாகவே முடிப்பாள், எரிச்சலே அதுதான்.

சட்டம் படித்தாள். துறைமுகத்தைப் பார்த்த கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், பெரிய நிறுவனத்தில், ஆறு வருடம் ஒப்பந்தங்கள் எழுதினாள். பிறகு அந்த வேலையை உதறிவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு, நகரத்துச் சட்டக் கல்லூரி ஒன்றின் சமூக வளர்ச்சிக் கிளினிக்கில் 'ஃபெல்லோ'வாகச் சேர்ந்தாள். ஊசி போடும் கிளினிக் அல்ல. சட்ட மாணவர்கள் கட்டணம் வாங்காமல் அக்கம்பக்கத்துச் சங்கங்களுக்கும் சபைகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் வக்கீல் வேலை பார்த்துப் பழகுகிற இடம். அங்கே ஃபெல்லோ என்பவர் மாணவரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. வண்டி நிறுத்துமிடம் ஒடெஸாவை மாணவி என்றது. நூலகம் ஊழியர் என்றது. ஆசிரியர் கூட்டத்துக்கு அழைப்பு வரும், ஓட்டு கிடையாது. இரண்டு வருடம் இருந்து, பாடம் நடத்தக் கற்றுக்கொண்டு, ஒரு கட்டுரை எழுதி, வேறு கல்லூரியில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

"சர்ச்சுல கேக்கறாங்கடி. நீ யாருன்னு நான் சொல்றது?" என்றார் அவளுடைய அம்மா.

"டீச்சர்னு சொல்லும்மா."

"என்ன சொல்லிக் குடுக்கறே?"

"ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாதும்மா. அதான் இந்த வேலையோட விசேஷம்."

அம்மா சர்ச்சில் 'டீச்சர்' என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் குடும்பத்தில் அது அபூர்வம்.

விஷயம் உண்மைதான். கிளினிக்கின் தலைவி மிரியம் கெஸ்லர் முதல் நாளே விதியைச் சொல்லிவிட்டார். கட்சிக்காரருக்கு வக்கீல் மாணவன்தான், ஃபெல்லோ இல்லை. மாணவன் கேள்வி கேட்டால் பதில் சொல்லக் கூடாது, திருப்பிக் கேள்வி கேட்க வேண்டும். கட்சிக்காரரோடு சந்திப்பு நடக்கும்போது பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"பேசியே ஆகணும்னு தோணினா?" என்று கேட்டாள் ஒடெஸா.

"ஒரு வாய் தண்ணி குடி" என்றார் மிரியம்.

முதல் மாதம் அவள் குடித்த தண்ணீருக்கு அளவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போக வேண்டி வந்தது. தங்களுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்காகவே அவள் வெளியே போகிறாள், இது ஏதோ உயர்ந்த கற்பித்தல் முறை என்று மாணவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பருவ முடிவில் அதைப் புகழ்ந்து எழுதியும் கொடுத்தார்கள்.

இரண்டாவது வருடத்தில்தான் விட்கோ ரிங்க் விவகாரம் வந்தது.

பால்டிமோரின் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு விட்கோ ரிங்கைத் தெரியாமல் இருக்காது. மற்ற நாட்களில் பிள்ளைகள் சக்கரக் காலணி மாட்டிச் சறுக்கி, விழுந்து எழும் இடம். ஞாயிறு மாலை பெரியவர்களுக்கு மட்டும். பேரன் பேத்தி எடுத்தவர்கள் காலில் நான்கு சக்கரம் மாட்டிக்கொண்டு, பாட்டுக்குத் தோளை அசைத்தபடி, பின்பக்கமாகவே முழு வட்டம் சுற்றுவார்கள். அவர்களுடைய சங்கத்துக்குப் பெயர் சண்டே ரோலர்ஸ். சங்கம் என்றால் பதிவு, விதி, தேர்தல் ஒன்றும் கிடையாது. மிஸ் லவெர்ன் கேஸ்கின்ஸ் இருந்தார், அதுவே போதுமாக இருந்தது.

மிஸ் லவெர்ன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வாரம் முழுக்க "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க" என்று சொல்லி வந்த குரல், ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வதில்லை. பாட்டுப் போடுகிறவர் வராவிட்டால் லவெர்னிடம் வருவார்கள். கழிப்பறையில் தண்ணீர் நின்றால் லவெர்னிடம் வருவார்கள். யாரும் அவரைத் தேர்ந்தெடுத்தது இல்லை, யாரும் அவரை எதிர்த்ததும் இல்லை.

ரிங்கின் சொந்தக்காரர் மிஸ்டர் விட்கோவுக்கு மூட்டு போய்விட்டது, மனசும் வயசானவர்கள் வெயிலில் ஓய்வெடுக்கப் போகும் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டது. சாமான் சேமிக்கும் குடோன் நடத்தும் நிறுவனம் ஒன்று அந்தக் கட்டடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. சண்டே ரோலர்ஸுக்கே நீண்ட குத்தகைக்கு விட அவருக்கு ஆசை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"நூறு பேரோட என்னால பேச முடியாது. முறையா விதி எழுதி, ஓட்டுப் போட்டு, ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்க. நாளைக்கு வழக்குப் போடணும்னா யார் மேல போடறதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல குடோன்காரங்களுக்குத்தான்."

ஆக, ஓட்டு நடந்தால் ரிங்க் இருக்கும். நடக்காவிட்டால் எங்கள் ஆட்கள் பாட்டுக்குச் சுற்றிய இடத்தில் யாருடையதோ பழைய சோபாக்கள் அடுக்கப்படும்.

மிஸ் லவெர்ன் கிளினிக்குக்குப் போனார். டோபியஸ், கேமில் என்று இரண்டு மாணவர்கள் அவருக்கு வக்கீல்களாக அமைந்தார்கள். இருவருக்கும் மேற்பார்வை ஒடெஸா.

கிளினிக்குகளில் ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரரைச் சந்திப்பதற்கு முன் ஒத்திகை பார்ப்பார்கள். மாணவர்கள் வக்கீலாகவே உட்கார்ந்திருக்க, ஃபெல்லோ கட்சிக்காரராக நடித்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒடெஸாவுக்கு அந்த வருடத்தில் பேச அனுமதி கிடைத்த ஒரே இடம் அது.

அவள் அதற்காக மெனக்கெட்டாள். ஒரு ஞாயிறு முழுக்க ரிங்க் ஓரத்தில் ஒரு வறுத்த கோழி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மிஸ் லவெர்னைக் கவனித்தாள். இடது கை இடுப்பில், வலது கை விரல் காற்றில், முகவாய் ஒரு பக்கம் சாய்ந்து. செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு வந்தபோது கையில் ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே வந்தாள். மாணவர்கள் தங்களையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"சங்கத் தலைவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கணும்னு நினைக்கிறீங்க, மிஸ் லவெர்ன்?" என்று கேட்டான் டோபியஸ்.

இந்தக் கேள்விக்கு ஒடெஸாவிடம் ஆறு வருட நிறுவன அனுபவத்தில் ஊறிய பதில் ஒன்று இருந்தது. மாணவர்களிடம் அதைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் இப்போது அவள் ஒடெஸா இல்லையே!

"ஏம்ப்பா, பஸ்ஸுக்கு எத்தனை ஸ்டீயரிங்? ஒண்ணுதானே? அஞ்சு வருஷம் என்கிட்ட குடுங்க. நேரம், பாட்டு, யார் உள்ளே, யார் வெளியே, எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். பின்சீட்டுல இருக்கறவங்கள்லாம் ஆளுக்கொரு பக்கம் திருப்பினா வண்டி எங்க போய் நிக்கும்?"

கேமில் கைதட்டியே விட்டாள். ஒடெஸா இன்னும் அரைமணி நேரம் பேசினாள். மாதக்கணக்கில் அடைத்து வைத்த தண்ணீர், மதகு திறந்ததும் பாய்ந்தது.

ஒத்திகை அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மிரியம் பிறகு சொன்னார். "லவெர்ன் பிரமாதம், ஒடெஸா. எந்த லவெர்ன் அது?"

ஒடெஸா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

நிஜ லவெர்னோடு நடந்த சந்திப்போ சப்பென்று போயிற்று. வேலை நேரம் மாறிவிட்டதால் அவர் டிப்போவில், இடைவேளையில், வறுத்த மீனை ரொட்டியில் மடித்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். பின்னால் உட்கார்ந்து தண்ணீர் குடித்த ஒடெஸா, மாணவர்கள் எது கேட்டாலும் கேள்வியையே திருப்பிக் கேட்டாள், நடுவில் இரண்டு முறை வெளியே போய்வந்தாள். பாதியில் அவருடைய வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நல்ல பிள்ளைங்களா இருக்கீங்க. எங்களுக்கு எது சரியோ எழுதிக்கிட்டு ஞாயிற்றுக்கிழமை ரிங்குக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மாணவர்கள் எழுத உட்கார்ந்தார்கள். டிப்போவில் கிடைத்தது குறைவு, ஒத்திகையில் கிடைத்தது ஏராளம். இரண்டும் ஒரே குரல், ஒரே இடுப்புக் கை. நாலைந்து நாளில் இரண்டும் கலந்துவிட்டன. "மிஸ் லவெர்ன் சொன்னாங்களே" என்று ஒருவர் சொல்லும்போது, எந்த லவெர்ன் என்று மற்றவர் கேட்கவில்லை.

ஒடெஸா வரைவைப் படித்தாள். அசந்து போனாள். இந்த மிஸ் லவெர்ன் எவ்வளவு தெளிவாக யோசிக்கிறார், அப்படியே என்னைப் போல!

இருந்தாலும் எங்கோ லேசாக உறுத்தியது. "இது அவங்க கேட்டதுதானா? உறுதியா?" என்று கேட்டாள்.

டோபியஸ் புன்னகைத்தான். ஒன்றரை வருடமாக அவள் வாயிலிருந்து கேள்வியைத் தவிர வேறு எதுவும் வந்ததில்லை. 'வணக்கம்' சொன்னால்கூட 'ஏன் அப்படிச் சொல்கிறாய்?' என்று கேட்பாள் என்று மாணவர்களுக்குள் கிண்டல் உண்டு. நிஜமான சந்தேகத்துக்கும் வழக்கமான கேள்விக்கும் அவர்கள் வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி?

"உறுதிதான்" என்றான். ஒடெஸா ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

மார்ச் கடைசி ஞாயிறு வந்தது.

சண்டே ரோலர்ஸ் எந்தக் கூட்டத்துக்கும் சக்கரத்தைக் கழற்றுவது இல்லை. ஆகவே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சறுக்குத் தளத்தின் நடுவில் நின்றபடி, நின்றபடி என்று சொல்ல முடியாது, லேசாக உருண்டபடி இருந்தார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிடுவார்கள். சக்கரக் காலணி வாடகைக்குக் கொடுக்கும் கவுன்டருக்குப் பின்னால் மிஸ்டர் விட்கோ கைகட்டி நின்றார். மிஸ் லவெர்ன் முன்வரிசையில், புது நீலச் சட்டையில். ஒடெஸாவுக்கும் யாரோ வற்புறுத்திச் சக்கரம் மாட்டிவிட்டிருந்தார்கள். அவள் ஓரத்துக் கம்பியைக் காதலனைப் போல் கட்டிக்கொண்டிருந்தாள்.

டோபியஸ் மைக்கில் விதிகளை வாசித்தான். முதல் பக்கம் வரை எல்லோரும் தலையசைத்தார்கள்.

"தலைவரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். அரங்கின் நேரம், இசை, உறுப்பினர் சேர்க்கை, நீக்கம் ஆகியவற்றில் தலைவரின் முடிவே இறுதியானது. முதல் தலைவர் மிஸ் லவெர்ன் கேஸ்கின்ஸ்."

"நில்லு, நில்லு" என்றார் ரோஸ்கோ. முடிவெட்டும் கடை வைத்திருப்பவர், சங்கத்திலேயே வேகமான காலும் வேகமான வாயும் அவருக்குத்தான். "இசைன்னா? பாட்டு கூடவா?"

"ஆமா சார். பாட்டும்தான்."

"அஞ்சு வருஷத்துக்கு இந்தம்மா போடற பாட்டுக்குத்தான் நான் சுத்தணுமா? இவ மகாராணியா? கிரீடம் எங்க?" கையை ஓங்கி நீட்டினார். நீட்டிய வேகத்தில் பின்னால் உருண்டு போனார். திரும்பி வந்து மிச்சத்தைத் திட்ட வேண்டியதாயிற்று. "இதுக்குத்தானா வக்கீல் வச்சது? எங்களை வெளிய தள்றதுக்கா?"

"நீக்கம்னு வேற எழுதியிருக்கா பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ரோஸ்கோவோடு முப்பது நாற்பது பேர் வாசலை நோக்கி நகரத் தொடங்கினார்கள். விட்கோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஓட்டு இல்லேன்னா சொல்லிடுங்கப்பா. நாளைக்குக் காலையில போன் பண்ணணும்."

மிஸ் லவெர்ன் அசையாமல் நின்றார். சக்கரத்தின் மேல் அப்படி நிற்பது சுலபமில்லை.

"தம்பி," என்றார் டோபியஸிடம், "நான் எப்ப இதைக் கேட்டேன்?"

"நீங்கதானே மேடம்... பஸ்ஸுக்கு ஒரு ஸ்டீயரிங்தான்னு சொன்னீங்களே? அஞ்சு வருஷம் குடுங்கன்னு..."

"நானா? ஸ்டீயரிங்கா? வாரம் பூரா அதைத்தான் புடிச்சுக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமையும் அதைப் பத்தி எவளாவது பேசுவாளா?"

டோபியஸ் மெல்லத் திரும்பி ஓரத்துக் கம்பியைப் பார்த்தான். ஒடெஸாவும் அவனைப் பார்த்தாள். அவள் கையில் தண்ணீர்க் குப்பி இருந்தது. அதைத் திறக்காமல் கீழே வைத்தாள். கம்பியை விட்டாள்.

கம்பியிலிருந்து மைக் வரை சாதாரண மனிதர்களுக்குக் கொஞ்ச தூரம்தான். ஒடெஸா அதைக் கடந்த விதத்தை எங்கள் ஊரில் இன்னமும் செய்து காட்டுகிறார்கள். பாதி வழி கையால் நீந்தினாள். ஒரு அம்மாளின் சட்டையைப் பிடித்தாள். கடைசியில் மைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தே நின்றாள். வாசல் வரை போன கூட்டம்கூட வேடிக்கை பார்க்கத் திரும்பியது.

"அந்த லவெர்ன் நான்தான்" என்றாள் மைக்கில்.

"என்னது?" என்றார் ரோஸ்கோ.

அவள் சொன்னாள். ஒத்திகை என்று ஒரு வழக்கம் இருப்பதை, தான் மிஸ் லவெர்னாக நடித்ததை, தன் கருத்தையெல்லாம் அவர் வாயில் போட்டுப் பேசியதை, பிள்ளைகள் அதை நம்பி எழுதியதை. "மிஸ் லவெர்ன் இதுல எதையும் கேக்கலை. நான் கேட்டேன்."

மிஸ் லவெர்ன் அவள் முன்னால் உருண்டு வந்து நின்றார்.

"என்னை மாதிரி நடிச்சியா?" என்றார் மிஸ் லவெர்ன்.

"ஆமாங்க."

"எங்க, நடி பார்ப்போம்."

"இப்பவா?"

"என் பேர்ல அஞ்சு வருஷம் வாங்கினல்ல? நானும் பார்க்கணும்ல. நடி கண்ணு."

ஒடெஸா ஒரு கையைக் கம்பத்திலிருந்து எடுத்து இடுப்பில் வைத்தாள். முகவாயைச் சாய்த்தாள். "ஏம்ப்பா, பஸ்ஸுக்கு எத்தனை ஸ்டீயரிங்? ரோஸ்கோ, வழியில நிக்காதே! உள்ளே நகரு, உள்ளே நகரு!"

ரோஸ்கோ பழக்கதோஷத்தில் நகர்ந்துவிட்டார். அரங்கம் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து இரண்டு பேர் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நான் இப்படியா பேசறேன்?" என்றார் மிஸ் லவெர்ன், அதே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"ஆமா!" என்றது நூறு பேர் குரல்.

"சரி, அப்ப நானும் உன்னை நடிக்கறேன்." மிஸ் லவெர்ன் யார் கையிலிருந்தோ ஒரு குவளையைப் பிடுங்கி, உதட்டைக் குவித்து ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை உருட்டினார். "உறுதியா? ஏன் அப்படி நினைக்கிறே? நீயே சொல்லேன்?" இன்னொரு வாய் உறிஞ்சிவிட்டு, அவசரமாகக் கழிப்பறைப் பக்கம் உருண்டு போய்த் திரும்பினார். டோபியஸும் கேமிலும் தாங்கள் யார் என்பதையே மறந்து சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபோது வாசல் பக்கம் யாரும் இல்லை, எல்லோரும் நடுவுக்கு வந்திருந்தார்கள். டோபியஸ் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டான்.

"மிஸ் லவெர்ன், உங்களுக்கு என்ன வேணும்?"

ஒடெஸாவுக்கு விடை தெரிந்துவிட்டது. அவள் வாய் திறந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திறந்த வாய் அப்படியே மூடியது.

"எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வேணும்" என்றார் மிஸ் லவெர்ன். "பாட்டுக்காரன் வரலே, லவெர்ன். தண்ணி நிக்குது, லவெர்ன். ஒரு பாட்டு முழுசா சுத்தி எத்தனை நாளாச்சு தெரியுமா? வேற யாராவது பார்க்கட்டும்னுதான் வக்கீலாபீசுக்கே வந்தேன். நீங்க என்னடான்னா அஞ்சு வருஷம் தண்டனை குடுக்கறீங்க."

அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. கேமில் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுத, கூட்டம் கத்திக் கத்திச் சொன்னது. தலைவருக்கு ஒரு வருடம். ஒருவரே அடுத்தடுத்து இரண்டு முறை இருக்கக் கூடாது. பாட்டு முறை வைத்து ஆளுக்கொரு வாரம். யாரை நீக்குவதென்றாலும் எல்லோரும் கூடித்தான். ஒடெஸா மைக் கம்பத்தைவிட்டு அசையவும் முடியாமல், வாய் திறக்கவும் கூடாமல் நின்றாள்.

"முதல் தலைவர் யாரு?" என்று கேட்டான் டோபியஸ்.

மிஸ் லவெர்ன் விரலை நீட்டினார். "பாட்டு மேல இவ்ளோ அக்கறை இருக்கறவர் ஒருத்தர் இருக்காரே."

"நானா?" என்றார் ரோஸ்கோ. "எனக்குக் கடை இருக்கும்மா. சனிக்கிழமை நிக்கறதுல காலே..."

"காலு நல்லாத்தான் ஓடுது, வாயும் நல்லாத்தான் ஓடுது" என்றது கூட்டம்.

கையைத் தூக்கினால் சாய்ந்துவிடுவார்கள் என்பதால் ஓட்டை உருண்டு போட்டார்கள். சம்மதிப்பவர்கள் தின்பண்டக் கவுன்டர் பக்கம், மறுப்பவர்கள் வாசல் பக்கம். ஒரே நேரத்தில் நூறு ஜோடிச் சக்கரக் காலணிகள் மரத்தளத்தில் உருண்ட சத்தம் ரயில் போல இருந்தது. வாசல் பக்கம் ரோஸ்கோ ஒருவர் மட்டும் நின்றார். தனக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்ட தலைவர் எங்கள் ஊரில் அவர்தான். விட்கோ கவுன்டரைத் திறந்துகொண்டு வெளியே வந்து, எட்ட நின்றே அவருக்கு ஒரு வணக்கம் வைத்தார். குடோன்காரர்களுக்கு அவர் போன் செய்யவில்லை.

மறுநாள் மிரியமிடம் ஒடெஸா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். விதியை மீறி மைக்கில் பேசியதையும் சொன்னாள்.

"அது விதிக்குள்ளதான் வருது" என்றார் மிரியம். "அது டோபியஸோட பதில் இல்லையே, உன்னோடது. உன் தப்புக்கான பதிலை நீதான் சொல்லணும்."

அந்த மே மாதத்தோடு ஒடெஸாவின் இரண்டு வருடம் முடிந்தது. இப்போது ஒஹையோவில் ஒரு சட்டக் கல்லூரியில் வேலை, பெயருக்கு முன்னால் பேராசிரியர் பட்டம், ஆசிரியர் கூட்டத்தில் ஓட்டும் உண்டு. ஒத்திகையில் கட்சிக்காரராக நடிக்க அங்கே நாடகத் துறை மாணவர்களைக் கூப்பிடுகிறாளாம். தானே நடித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவள் நினைக்காத நாள் இருக்காது என்று அவளுடைய அம்மா சொல்கிறார்.

குத்தகை கையெழுத்தான முதல் ஞாயிறு, மிஸ் லவெர்ன் ஏழு மணிக்கு வந்தார், யாரையும் பார்க்காமல் தளத்தில் இறங்கினார். முதல் பாட்டு முழுக்கச் சுற்றினார். இரண்டாவது பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றினார். மூன்றாவது பாட்டின் நடுவில் மெல்லத் திரும்பி, தலைவர் ரோஸ்கோ நின்ற இடத்துக்கு வந்தார்.

"தலைவரே, பொம்பளைங்க பாத்ரூம்ல குழாய் ஒழுகுது."

"பார்க்கறேன்மா."

"எப்ப பார்ப்பீங்க?"

"இந்த வாரத்துல..."

மிஸ் லவெர்னின் இடது கை தானாக இடுப்புக்குப் போயிற்று. "செவ்வாய்க்கிழமைக்குள்ள" என்று சொல்லிவிட்டு, மிச்சப் பாட்டுக்குச் சுற்றப் போனார்.